இரும்பும் தோலும்

ஒரு காலத்தில் சிங்காநல்லூரில், ஒரு பவுண்டரியின் மேல்மாடி அறையில் ஒரு கிட்டார் குடியிருந்தது. கறுப்பு நிறம். மின்சாரம் கொடுத்தால்தான் வாய் திறக்கும். திறந்தால் கீழே உலையில் உருகும் இரும்பே எழுந்து வந்து கத்துவதுபோல் இருக்கும். அது பாடிய இசைக்கு ஹெவி மெட்டல் என்று பெயர். எதிர்வீட்டுக்காரர்கள் அதை மெஷின் சத்தம் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் வெளிநாட்டுக்காரன் கத்தியதைப் பார்த்துக் கத்துகிறது என்றார்கள்.

அந்த அறைக்கு ஒரு கார்த்திகை மாதம் உறுமி வந்து சேர்ந்தது. நடந்ததெல்லாம் உறுமிக்குத்தான் என்பதால், அது எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சின்னமாயன் என்பவரின் தோளில் இருபது வருஷமாகத் தொங்கிய உறுமி அது. பலாமரக் கட்டை, இரண்டு பக்கமும் தோல். இடது பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் அடிவயிற்றிலிருந்து ஓர் அழுகை வரும். வலது பக்கம் மெல்லிய குச்சியால் அடி விழும். நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த ஊருக்குப் போயிருந்த பிரதீஷ், வழியில் போன ஒரு சாமி ஊர்வலத்தில் அதைக் கேட்டான். கிட்டாருக்குச் சொந்தக்காரன் அவன்தான். பகலில் பம்ப்செட் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன், வயது முப்பத்தொன்று. கல்யாணப் பந்தியை விட்டுவிட்டு ஊர்வலத்தின் பின்னாலேயே போனான். எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் நின்று கேட்டான். அதை உறுமி கவனித்தது.

மூன்று மாதம் விடாமல் போன் செய்து, சேர்ந்து ஓர் ஆல்பம் செய்யலாம் என்று சின்னமாயனைச் சம்மதிக்க வைத்தான்.

முதல் நாள் கிட்டார் உறுமியை ஏற இறங்கப் பார்த்தது. கரண்ட் இல்லாமல் இப்படி உறும முடியுமா என்று அதற்குச் சந்தேகம். மழைக்கால ஈரத்தில் உறுமியின் தோல் தளர்ந்து, சத்தம் அடங்கிப் போயிருந்தது. தீ மூட்டிக் காய்ச்ச அங்கே வழியில்லை. பிரதீஷ் வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்து வந்து கால் மணி நேரம் தோலுக்குச் சூடு காட்டினான். பிறகு சின்னமாயன் குச்சியை வைத்து ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். மேசைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது.

"உன்னை ஏன் இத்தனை நாள் யாரும் இந்தப் பக்கம் கூட்டி வரவில்லை?" என்று கேட்டது கிட்டார்.

"என்னை யாரும் கேட்டதே இல்லை" என்றது உறுமி. "நான் அழுதால் பிணம் நகரும். நான் அதட்டினால் சாமி இறங்கும். ஆடுகிறவர்கள் ஆடுவார்கள், அழுகிறவர்கள் அழுவார்கள். உட்கார்ந்து, இது என்ன சொல்கிறது என்று காதைக் கொடுத்தவர் ஒருத்தர்கூட இல்லை."

"என்னை உட்கார்ந்துதான் கேட்கிறார்கள்" என்றது கிட்டார். "கேட்டு முடித்ததும், இது எந்த நாட்டுச் சரக்கு என்கிறார்கள். நான் இந்த ஊர் இரும்புச் சத்தத்தில் வளர்ந்தவன். நம்புகிறவர்கள் யாருமில்லை."

அன்றிலிருந்து இரண்டும் கூட்டாளிகள். கிட்டாருக்கு உறுமியிடம் ஊர் கிடைத்தது. உறுமிக்குக் கிட்டாரிடம் காது கிடைத்தது. பத்தொன்பது நாளில் ஏழு பாட்டு முடிந்தது. ஆல்பத்துக்கு 'இரும்பும் தோலும்' என்று பெயர் வைத்தார்கள்.

ஏழாவது பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரதீஷுக்குக் கனகவேல் என்று ஓர் அண்ணன் இருந்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பவுண்டரியில், உருக்கிய இரும்பு சாய்ந்து, முப்பது வயதில் போய்ச் சேர்ந்தவன். அவனுக்காகத்தான் அந்தப் பாட்டு. அதைப் பதிவு செய்கிற அன்று அம்மா வேலாத்தாள் எல்லாருக்கும் அரிசிம்பருப்பு சாதம் கட்டிக்கொண்டு வந்தார். சின்னமாயன் சாப்பிட்டுக்கொண்டே, மூத்தவர் எப்படி இருப்பார் என்று மெதுவாகக் கேட்டார்.

வேலாத்தாள் அவருக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தார். பிறகு சொன்னார்: "சத்தம் போட்டுச் சிரிப்பானுங்க. ஒரு கட்டத்துல சிரிப்பு நின்னு போயி மூச்சு மட்டும் வாங்கும். பாக்கறவங்களுக்கு அழுவறானோன்னு இருக்கும்."

உறுமி நூற்றுக்கணக்கான சாவுக்கு அழுதிருக்கிறது. செத்தவர் எப்படிச் சிரிப்பார் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை. அன்று கிட்டார் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, உறுமி அழத் தொடங்கியது. அழுகையின் நடுவே, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குகிற ஒரு திணறல் தானாக வந்து விழுந்தது. சின்னமாயன் பயந்துபோய்க் குச்சியை எடுத்துவிட்டார். கிட்டார் மட்டும் அந்தச் சுரத்தை விடாமல் பிடித்திருந்தது, நீ முடித்துவிட்டு வா, நான் இங்கேயே இருக்கிறேன் என்பதுபோல. சின்னமாயன் மறுபடி குச்சியை வைத்தார். கதவோரம் நின்ற வேலாத்தாள் உட்கார்ந்து, கடைசிவரை கேட்டார்.

தை மாதம் ஆல்பம் வெளியானது. உலகம் என்ன சொல்கிறது என்று அறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை பிரதீஷின் செல்போனுக்கு வந்தது. செல்போனுக்குச் சொந்தமாக விருப்பு வெறுப்பு கிடையாது. வந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் படுத்துக்கொண்டு நாள் முழுக்க வாசித்தது.

முதலில் வந்தவை எல்லாம் வசவு.

மெட்டல் ரசிகர்கள் கொதித்தார்கள். இழவு வீட்டு மேளத்தைக் கொண்டுவந்து மெட்டலுக்குள் விட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதினார். அடுத்து தேர் இழுப்பார்களா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இந்தப் பக்கம் உறுமியைத் தெரிந்தவர்களும் விடவில்லை. சாமிக்கு முன்னால் வாசிக்கிற வாத்தியத்தைப் பேய்க் கூச்சலில் கொண்டுபோய் அடகு வைத்தாயே என்று சின்னமாயனின் பங்காளிகள் கேட்டார்கள். கடைசியில் ஊர்க் கோயில்காரர்களிடமிருந்தும் செய்தி வந்தது. இந்த வருஷப் பங்குனித் திருவிழாவுக்கு வேறு உறுமிக்குச் சொல்லியாகிவிட்டது, நீ வர வேண்டாம் என்றார்கள்.

இருபது வருஷமாகக் கொடியேற்றத்துக்கு முதல் அடி அந்த உறுமிதான் அடித்திருக்கிறது. செய்தியைக் கேட்ட அன்று அறையில் யாரும் எதுவும் வாசிக்கவில்லை. தன்னால்தானே இப்படி ஆயிற்று என்று பிரதீஷ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"விடு தம்பி" என்றார் சின்னமாயன். "அவுக வேணாம்னா போகுது. அந்த ஏழாம் பாட்ட அழிக்கச் சொன்னா அழிச்சிருவமா?"

உறுமிக்கும் உள்ளே வலித்தது. ஆனால் பக்கத்தில் கிட்டார் இருந்தது. வசவு வரவர இரண்டும் நெருங்கி உட்கார்ந்தன. இன்று யாருக்கு அதிகம் திட்டு என்று கேட்டுச் சிரித்துக்கொண்டன. உன்னைத் தொட்டதால் நான் தீட்டு, என்னைத் தொட்டதால் நீ தீட்டு, ஆக இரண்டு பேரும் சரிக்குச் சரி என்றது கிட்டார். பின்னாளில் உறுமி நினைத்துப் பார்த்தபோது, அதன் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த நாட்கள் அந்த வசவு நாட்கள்தான்.

மாசி மாதம் காற்று திசை மாறியது. பாராட்டு வர ஆரம்பித்தது.

ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, செல்போன் உறுமியின் பக்கம் திரும்பியது. இரண்டாவது பாட்டில் உறுமி வேகமாக அடித்த ஒரு துண்டு, ஆறே ஆறு விநாடி, அதை யாரோ தனியே வெட்டி எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள் என்றது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை இறங்கும்போது அதைப் போடுகிறார்கள், கபடி ஜெயித்தவர்கள் அதற்கு ஆடுகிறார்கள், இதுவரை நாலு லட்சம் பேர் பார்த்தாயிற்று.

"என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டது உறுமி.

"சொல்லட்டுமா? 'அந்த உறுமி வெறித்தனம். பக்கத்தில் கத்துகிற கிட்டாரை நிறுத்திவிட்டு இதை மட்டும் விட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும்.' இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கிறது."

உறுமி அதைக் கிட்டாரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லி அதன் மனதைப் புண்படுத்த வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. ஆனால் அன்று ஒத்திகையில் முதல் தடவையாக, கிட்டாரின் சத்தம் கொஞ்சம் அதிகமோ என்று அதற்குத் தோன்றியது.

கிட்டாரும் எதையோ மறைத்தது. பெங்களூரில் மெட்டல் இசையைப் பற்றி எழுதுகிற பெரிய விமர்சகர் ஒருவர் அந்த ஆல்பத்தைப் புகழ்ந்து நீளமாக எழுதியிருந்தார். இந்தக் கிட்டாரின் பாய்ச்சல் உலகத் தரம், ஆனால் நாட்டுப்புற அலங்காரம் அதைக் கீழே இழுக்கிறது என்று முடித்திருந்தார். அதைச் செல்போன் கிட்டாருக்குத் தனியாக வாசித்துக் காட்டியது. கிட்டாரும் வாயைத் திறக்கவில்லை. அது இப்போதெல்லாம் ஏழாவது பாட்டில் அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்து நிற்கும்போது பொறுமையில்லாமல் லேசாக அதிர்வதை உறுமி உணர்ந்தது. முன்பு அந்தச் சுரம் சுவர்போல நிற்கும்.

வசவைச் சத்தமாக வாசித்துச் சிரித்த அறையில் பாராட்டு ரகசியமாகப் புழங்கியது. இரண்டும் பேசிக்கொள்வது குறைந்தது. பேசினாலும் மரியாதையாகப் பேசிக்கொண்டன. அந்த மரியாதைதான் உறுமிக்குப் பயமாக இருந்தது.

பங்குனியில் ஒரு கல்லூரி மைதானத்தில் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. ஏழு பாட்டையும் முழுதாக மேடையில் வாசிப்பது அதுதான் முதல் தடவை. உசிலம்பட்டிப் பக்கம் வேறோர் உறுமி கொடியேற்றத்துக்கு அடித்துக்கொண்டிருந்த அதே வாரம். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் மைதானம் நிறைந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு, வேலாத்தாள் உட்கார்ந்திருந்தார். மகன் பாட்டைக் கேட்க என்று அவர் முதல் தடவையாக இப்படியொரு கூட்டத்துக்கு வந்திருந்தார். எந்த மகன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு பாட்டு எப்படியோ போயிற்று. கிட்டார் தனியே பாய்ந்தபோது கறுப்புச் சட்டை போட்ட மெட்டல் ரசிகர்கள் முன்னால் நின்று தலையைச் சுழற்றினார்கள். உறுமி வந்ததும் அவர்கள் கையைக் கட்டிக்கொள்ள, பின்னால் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். இரண்டும் சேர்ந்து ஒலித்த இடங்களில் பாதிப் பேர் செல்போனைப் பார்த்தார்கள்.

ஏழாவது பாட்டு தொடங்கியது. கிட்டார் சுரத்தைப் பிடித்தது. உறுமி அழ ஆரம்பித்தது. மைதானம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. விசில் நின்றது, பேச்சு நின்றது. சிரித்து மூச்சு வாங்குகிற அந்த இடத்துக்கு இன்னும் நாலைந்து இழுப்புதான் பாக்கி. இத்தனை பேர் சும்மா உட்கார்ந்து தன்னையே கேட்கிறார்கள் என்று உறுமிக்குப் புரிந்தது. புரிந்ததும் அதற்குப் பயம் வந்துவிட்டது. இந்த அமைதி பிடித்ததால் வந்த அமைதியா, பிடிக்காததால் வந்ததா என்று அதற்குத் தெரியவில்லை. இருபது வருஷத்தில் இப்படி ஓர் அமைதியை அது பார்த்ததே இல்லை.

அப்போது பின்னாலிருந்து யாரோ ஒருவன், "அண்ணே, அந்த அடி" என்று கத்தினான். அந்த ஆறு விநாடியைத்தான் கேட்டான். இன்னும் பத்துப் பேர் கத்தினார்கள். பிறகு நூறு பேர்.

சின்னமாயனின் கை ஒரு கணம் தயங்கியது. கையை உறுமி இழுத்ததா, உறுமியைக் கை இழுத்ததா என்று பார்த்தவர்கள் யாரும் சொல்ல முடியாது. உறுமிக்குத் தெரியும். தான்தான் இழுத்தது.

அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு அது அந்த வேக அடிக்குள் குதித்தது. மைதானம் வெடித்தது. நாற்காலிகள் சரிந்தன. முன்னால் கையைக் கட்டி நின்றவர்கள்கூட ஆடினார்கள். கிட்டார் கொஞ்ச நேரம் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. உறுமி திரும்பி வரவில்லை என்று தெரிந்ததும் அதை விட்டது. அப்புறம் அது உறுமியோடு சேர்ந்துகொள்ளவில்லை. விமர்சகர் புகழ்ந்த அந்தப் பாய்ச்சலை எடுத்து, முழுச் சத்தத்தில் தன் பாட்டுக்கு வாசிக்கத் தொடங்கியது. ஒரே மேடையில் இரண்டு கச்சேரி நடந்தது. கூட்டத்துக்கு அது இன்னும் பிடித்தது. கனகவேலின் பாட்டு அப்படித்தான் முடிந்தது, நாலாயிரம் பேர் ஆட.

கீழே இறங்கியதும் வேலாத்தாள் வந்தார். யாரோ இடித்ததில் பையின் காது அறுந்திருந்தது. அதைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று உறுமி நினைத்தது.

"நல்லா இருந்துச்சுங்க" என்றார் சின்னமாயனிடம். "எல்லாரும் ஆடுனாங்க."

அவ்வளவுதான் சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

சின்னமாயன் வெகுநேரம் உறுமியைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். பிறகு பிரதீஷிடம், "கை போயிருச்சு தம்பி. என்னையும் அறியாமப் போயிருச்சு" என்றார்.

பிரதீஷ் கோபப்படவில்லை. பெங்களூர் இசைக்குழு ஒன்று இரண்டு வாரத்துக்கு முன்பே தன்னைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னான். கிட்டார் மட்டும் போதும் என்கிறார்களாம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்தானாம். "நானும்தாங்கண்ணா மறச்சேன்" என்றான். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சண்டை வந்திருந்தால் ஒருநாள் சமாதானமும் வந்திருக்கும். சண்டையே வரவில்லை.

மேல்மாடி அறை காலியானது. பவுண்டரிக்காரர் அதில் மணல் மூட்டைகளை அடுக்கினார்.

அதன்பிறகு உறுமிக்கு ஓய்வே இல்லை. நகைக்கடை திறப்பு, கட்சி ஊர்வலம், கல்யாண வரவேற்பு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லா இடத்திலும் அந்த ஆறு விநாடிதான். வேறு எதை வாசித்தாலும், 'அந்த அடி' என்பார்கள். சின்னமாயன் சில நாள் வீட்டில் தனியாக இருக்கும்போது குச்சியை இடது பக்கத் தோலில் வைத்து, கனகவேலின் சிரிப்பைத் தேடிப் பார்ப்பார். அழுகை வரும். திணறல் வராது. அதற்குப் பக்கத்தில் ஒரு சுரம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, அவர் தேடுவதையும் விட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து, கரூரில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவில், மேடைக்குப் பின்னால் உறுமியை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு சின்னமாயன் டீ குடிக்கப் போனார். பக்கத்து நாற்காலியில் ஒரு மெல்லிசைக் குழுவின் கிட்டார் சாய்ந்திருந்தது. கறுப்பின்மேல் யாரோ பொன்னிறப் பூக்களை ஒட்டியிருந்தார்கள். அதனால் உறுமிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கிட்டார்தான் பேசியது.

பெங்களூரில் ஆறு மாதம் இருந்ததாம். அங்கே இதைவிட வேகமாகப் பாய்கிற கிட்டார்கள் பத்து இருந்தனவாம். உலகத் தரம் என்று எழுதிய விமர்சகர் அடுத்த மாதமே இன்னொன்றை அப்படி எழுதினாராம். பிரதீஷ் பழையபடி பம்ப்செட் வரைபடத்துக்குத் திரும்பிவிட்டான். வாசிப்பதில்லை. வீட்டில் அதைப் பார்த்தால் அம்மாவுக்கு மனசு கஷ்டமாகிறது என்று இந்தக் குழுவுக்குக் கொடுத்துவிட்டான்.

உறுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. பிறகு, கோயிலைவிட்டுத் தள்ளியபோதுகூடத் தனக்கு இவ்வளவு வலிக்கவில்லை என்றது. அத்தனை பேர் காறித் துப்பியபோது ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அப்புறம் எப்படிப் பிரிந்தோம் என்று கேட்டது.

மேடையில் கிட்டாரின் குழுவை அழைத்தார்கள். ஒருவன் வந்து அதைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"திட்டியவர்கள் நம் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் திட்டினார்கள்" என்றது கிட்டார், போகிற போக்கில். "பாராட்டியவர்கள்தான் தனித்தனியாகப் பாராட்டினார்கள்."